எழுத்துப் பிழைகள் காட்டும் உறவு: மரபணுவும் நம் படைப்பு நம்பிக்கையும்

"ஃபாதர், மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கடவுள் மண்ணிலிருந்து படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள். இரண்டில் எது உண்மை?" உயிரியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள எந்தப் பங்கிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி எழும். பெரியவர்களில் பலர் இதற்குத் தரும் பதில், "பரீட்சையில் அதை எழுது, கோவிலில் இதை நம்பு" என்பதாகும். கேட்பதற்குச் சமாதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதிலிருந்து அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? விசுவாசம் என்பது உண்மையா பொய்யா என்று கேட்கக் கூடாத ஒன்று என்பதைத்தான். அப்படிக் கற்றுக்கொண்ட பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டால் நாம் வியப்படையக் கூடாது.

வேறு சிலர், "பரிணாமம் என்பது வெறும் ஊகம், யாரும் கண்ணால் பார்த்ததில்லை" என்பார்கள். வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் துண்டறிக்கைகளிலும் இதைத்தான் படிக்கிறோம். மண்ணில் தோண்டியெடுத்த எலும்புகளே பெரும் சான்றாக இருந்த காலத்தில் இப்படிச் சொல்ல ஓரளவு இடம் இருந்தது. இன்று அந்தச் சான்று நம் ஒவ்வொருவர் உடலிலும், ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது. அதை அறிவியலார் எப்படி வாசிக்கிறார்கள், வாசித்ததைக் கண்டு ஒரு கத்தோலிக்கர் அஞ்ச வேண்டுமா என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

குருமடத்தில் விவிலியம் படித்தவர்களுக்கு இந்த வாசிப்பு முறை அந்நியமானதல்ல. அச்சு இயந்திரம் வருவதற்கு முன் 1300 ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய ஏற்பாடு கையால் படியெடுக்கப்பட்டே பரவியது. நற்செய்தியாளர்கள் எழுதிய மூல ஏடு ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. இருப்பவை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள். படியெடுப்பவர் களைப்பில் ஒரு சொல்லை விட்டிருப்பார். இன்னொருவர் ஓரத்தில் இருந்த குறிப்பை மூலத்தின் பகுதி என்று எண்ணி உள்ளே சேர்த்திருப்பார். அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்களும் அதே பிழையை அப்படியே எழுதிச் சென்றார்கள்.

யோவானின் முதல் திருமுகம் 5ஆம் அதிகாரத்தில் தந்தை, வாக்கு, தூய ஆவி ஆகிய மூவரும் விண்ணகத்தில் சான்று பகர்வதாக வரும் ஒரு சொற்றொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழமையான கிரேக்கப் படிகளில் அது இல்லை. பிற்கால இலத்தீன் படிகளில் இருக்கிறது. மிகப் பிந்திய சில கிரேக்கப் படிகளில் மட்டும் நுழைந்திருக்கிறது. அந்தச் சொற்றொடரைக் கொண்ட படிகள் ஏதோ ஓரிடத்தில் ஒரே வழியில் சந்திக்கின்றன என்று விவிலிய அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். இப்படித்தான் எந்த ஏடு எந்த ஏட்டின் பிள்ளை, எவை இரண்டும் உடன்பிறந்தவை என்று ஒரு குடும்ப மரம் வரைகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஏடுகள் ஒரே வசனத்தைச் சரியாக எழுதியிருப்பது அவற்றின் நெருங்கிய உறவைக் காட்டாது. எல்லா ஏடுகளும் அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கும். ஒரே இடத்தில் ஒரே பிழை இருப்பதுதான் உறவைக் காட்டும். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மாணவர்களின் சரியான விடை ஒன்றாக இருந்தால் அவர் கண்டுகொள்வதில்லை. இருவரும் ஒரே கணக்கில், ஒரே வரியில், ஒரே தவறான எண்ணை எழுதியிருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

டி.என்.ஏ.யும் படியெடுக்கப்படும் ஓர் ஏடுதான். ஏ, டி, ஜி, சி என்று பெயரிடப்பட்ட நான்கு வேதிப்பொருள்களே அதன் எழுத்துகள். மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. அதன் முதல் வரைவு 2001இல் வெளியானது. 2003இல் பெரும்பகுதி முடிந்தது. எஞ்சியிருந்த இடைவெளிகளை நிரப்பிய வாசிப்பு 2022இல் வெளிவந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இந்த ஏடு போகும்போது மிகச் சில பிழைகள் நேர்கின்றன. தாயிடமும் இல்லாத, தந்தையிடமும் இல்லாத சுமார் 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்களோடு ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. ஆனால் பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கிப் போகின்றன. (இந்த மரபுவழிக் கல்விக்கு அடித்தளம் இட்டவர் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல் என்பதை நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லலாம். தம் துறவு மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து அவர் கண்டறிந்ததை 1865இல் உரையாகவும் 1866இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்.)

மனிதரைப் பற்றிப் பேசும் முன் விலங்குகளைப் பார்ப்போம். அங்கே நமக்குக் கோபமோ அச்சமோ வராது என்பதால் முறையைப் புரிந்துகொள்வது எளிது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. நீலகிரியிலும் ஆனைமலையிலும் செங்குத்துப் பாறைகளில் நிற்கும் இந்த விலங்கையும், இமயமலையில் வாழும் தார் என்ற காட்டு ஆட்டையும் அறிவியலார் நெடுங்காலம் ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். தோற்றம் அப்படி. 2005இல் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டபோது இமயத் தார் வெள்ளாட்டுக் கூட்டத்தோடும், நம் வரையாடு செம்மறியாட்டுக் கூட்டத்தோடும் சேர்ந்து நின்றன. அதனால் வரையாட்டுக்குத் தனிப் பேரினப் பெயரே கொடுக்க வேண்டியதாயிற்று. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் ஆயரைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். வரையாட்டைப் பிரிக்க ஆயரின் கண் போதாது, ஆய்வுக்கூடம் வேண்டும் போலிருக்கிறது!

திமிங்கிலத்தின் கதை இன்னும் சுவையானது. அது மீன் அல்ல, குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு என்பது எல்லாருக்கும் தெரியும். தரையில் அதற்கு உறவினர் யார்? 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவின் ஆய்வுக்குழு ஒரு புதிய அடையாளத்தைப் பயன்படுத்தியது. டி.என்.ஏ.யில் சில துண்டுகள் தம்மைத் தாமே படியெடுத்து வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் இடம் ஏறக்குறைய குருட்டுப் போக்கில் அமைவது. ஒட்டிய பிறகு அது அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும். இரண்டு விலங்குகளில் ஒரே துண்டு ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால், அது இருவருக்கும் பொதுவான முன்னோரிடம் ஒட்டியது என்றே பொருள். இப்படிப் பார்த்தபோது திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவினர் நீர்யானை என்று தெரிந்தது. அதுவரை நீர்யானையைப் பன்றிக்கு நெருங்கியதாகவே எண்ணியிருந்தார்கள். 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த மிகப் பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளைப் பார்த்தால், ஆடுமாடுகளுக்கும் நீர்யானைக்கும் உள்ள அதே அமைப்பு! எழுத்தும் எலும்பும் தனித்தனியாகப் பேசி ஒரே சாட்சியம் சொல்லின. யோபு நூலின் 40, 41 அதிகாரங்களில் வரும் பெகிமோத்தை நீர்யானை என்று பொருள்கொள்ளும் விளக்கவுரையாளர்கள் உண்டு. அதன் பக்கத்திலேயே கடலின் மாபெரும் விலங்கான லிவியத்தான் வருகிறது. இரண்டையும் அருகருகே நிறுத்திய அந்தப் புலவர் உயிரியல் பாடம் நடத்தவில்லை என்பது தெரிந்ததே. ஆனாலும் அந்த அதிகாரங்களை இப்போது வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது.

கடற்கரைப் பங்கு மக்கள் ஆவுளியாவை அறிவார்கள். பாக் நீரிணையில் இந்தக் கடற்பசுவுக்கென 2022இல் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவினர் மீனும் அல்ல, திமிங்கிலமும் அல்ல, யானை. எலும்புகளை வைத்தே சிலர் இதை முன்பே ஊகித்திருந்தார்கள்; டி.என்.ஏ. அதை உறுதி செய்தது.

இனி மனிதரிடம் வருவோம். 1967இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் என்ற இருவர் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தை ஒப்பிட்டு, மனிதரும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றார்கள். எலும்பு ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. இமய அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 1932இல் கண்டெடுத்து 'ராமாபிதிகஸ்' என்று பெயரிட்ட தாடை எலும்பு ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதுவே மனிதரின் நேர் முன்னோர் என்பது அவர்கள் வாதம். பின்னர் முழுமையான எலும்புகள் கிடைத்தபோது அது ஒராங்குட்டானின் சுற்றத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. புரதத்தை நம்பியவர்களே வென்றார்கள். பிரிந்த காலம் ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகள் என்று இன்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

சிம்பன்சியின் மரபணுத் தொகுதி 2005இல் வெளியானது. நம்முடையதோடு வரிசையாகப் பொருத்தக்கூடிய பகுதிகளில் 100 எழுத்துக்கு ஒன்றேகால் எழுத்து மட்டுமே மாறுபடுகிறது. எண்ணிக்கையில் சுமார் மூன்றரைக் கோடி எழுத்துகள். இதிலிருந்துதான் "99 சதவீதம் ஒன்று" என்ற பேச்சு பிறந்தது. இந்தச் சதவீதத்தைக் கொண்டு யாரும் வாதாட வேண்டாம் என்பது என் கருத்து. விடுபட்ட, சேர்ந்த துண்டுகளையும் கணக்கிட்டால் வேறுபாடு கூடும். 2025இல் வாலில்லாக் குரங்குகளின் தொகுதிகளை முழுமையாக வாசித்தபோது, நேருக்கு நேர் பொருத்தவே முடியாத பகுதிகள் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருப்பது தெரிந்தது. எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். எப்படி எண்ணினாலும் மாறாதது பிழைகளின் சாட்சியம்.

அவற்றில் ஒன்றை மட்டும் நின்று பார்ப்போம். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. உங்கள் வீட்டு ஆடும் நாயும் எலுமிச்சை தின்னாவிட்டாலும் அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வருவதில்லை. நமக்கு வரும். வாஸ்கோ ட காமாவின் முதல் பயணத்தில் மாலுமிகள் ஈறு வீங்கி, பல் ஆடி இறந்தது இந்த நோயால்தான். புனித சவேரியார் 1541இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறி ஓராண்டுக்கும் மேல் பயணம் செய்து கோவா வந்தபோதும், கப்பலில் நோயாளிகளைப் பேணுவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. நமக்கு ஏன் இந்தக் குறை? வைட்டமின் சி செய்வதற்கான கடைசிப் படியை நடத்தும் மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. எட்டாம் குரோமோசோமில் சிதைந்து கிடக்கிறது, ஓடாத பழைய கடிகாரம் அலமாரியில் கிடப்பதைப் போல.

சிம்பன்சி, ஒராங்குட்டான், மகாக் குரங்கு ஆகியவற்றிலும் அதே மரபணு சிதைந்து கிடக்கிறது. சிதைந்திருப்பது மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது, அந்த ஒரே எழுத்து இந்த நான்கிலும் அதே இடத்தில் விடுபட்டிருக்கிறது. கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி செய்ய வராது. ஆனால் அங்கே மரபணு உடைந்த விதம் வேறு, அது தனியாக நேர்ந்த விபத்து. லெமூர், தேவாங்கு வகைகளிடமோ அது நன்றாகவே வேலை செய்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காடுகளில் தேவாங்குக்கென 2022இல் சரணாலயம் அறிவித்தார்களே, அந்தச் சிறு பெருங்கண் விலங்கின் கூட்டம் நம் முன்னோரிடமிருந்து பிரிந்து போன பிறகுதான், ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பிழை நம் கிளையில் விழுந்திருக்கிறது. பழங்கள் நிறைந்த காட்டில் வாழ்ந்ததால் அந்த முன்னோருக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றியிராது.

இன்னொன்று நம் குரோமோசோம்களின் எண்ணிக்கை. நமக்கு 23 இணைகள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 24. உறவினர் என்றால் ஓர் இணை எங்கே போயிற்று? இது நியாயமான கேள்வி, பதில் கிடைக்காவிட்டால் உறவு என்ற கருத்தே ஆட்டம் கண்டிருக்கும். ஒவ்வொரு குரோமோசோமின் இரு நுனிகளிலும் மட்டும் இருக்க வேண்டிய ஒரு தொடர் எழுத்து உண்டு. 1991இல் நம் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில் அந்த நுனி எழுத்துகள் ஒன்றையொன்று எதிர்நோக்கியபடி இருப்பதைக் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டன. ஒட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் டோவர் பள்ளி வழக்கில் பரிணாமப் பாடத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் இந்தச் சான்றை நீதிமன்றத்தில் எடுத்து விளக்கினார். அவர் ஒரு கத்தோலிக்கர்.

"கடவுள் ஒரே மாதிரித் திட்டத்தில் எல்லாவற்றையும் செய்தார், அதனால் ஒற்றுமை இருக்கிறது, அவ்வளவுதானே?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஒரே தச்சர் செய்த நாற்காலிகள் ஒன்றுபோல் இருக்கும்தான். நன்றாக வேலை செய்யும் பகுதிகளின் ஒற்றுமைக்கு அந்த விளக்கம் பொருந்தும். உடைந்து கிடக்கும் மரபணுவில் ஒரே எழுத்து ஒரே இடத்தில் விடுபட்டிருப்பதற்குப் பொருந்தாது. உறவே இல்லாத இரண்டு உயிர்களில் உறவு இருப்பதைப் போல் தழும்புகளைப் பொய்யாக உண்டாக்கி வைத்தார் என்றால், அது நாம் நம்பும் உண்மையின் இறைவன் அல்ல.

"மனிதன் குரங்கிலிருந்து வந்தான்" என்ற வாக்கியமும் சரியல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் பெரியப்பா மகன் உங்களுக்குத் தந்தை ஆகமாட்டார். இருவருக்கும் தாத்தா ஒருவர். இன்றைய சிம்பன்சி நமக்குப் பாட்டனார் அல்ல, பங்காளி. பாகம் பிரிந்த பிறகு இரு வீடுகளும் தனித்தனியே மாறியிருக்கின்றன.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் வெளியிட்ட 'ஹுமானி ஜெனரிஸ்' சுற்றுமடலில், மனித உடல் ஏற்கனவே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து தோன்றியதா என்று வல்லுநர் ஆராய்வதைத் திருச்சபை தடை செய்யவில்லை என்றார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை விசுவசிக்க வேண்டும் என்றும் சொன்னார். புனித இரண்டாம் யோவான் பவுல் 1996 அக்டோபரில் திருப்பீட அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், புதிய கண்டுபிடிப்புகளால் பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். கர்தினால் ராட்சிங்கர் தலைவராக இருந்தபோது 2004இல் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணம், பூமியின் உயிர்கள் யாவும் மரபு வழியில் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பது ஏறக்குறைய உறுதி என்றே கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் அதே அறிவியல் கழகத்தில் பேசும்போது, கடவுளை மந்திரக்கோல் ஏந்திய வித்தைக்காரராக எண்ண வேண்டாம் என்றார். இவையெல்லாம் ஏதோ நவீன காலத்தின் சமரசம் என்று எண்ண வேண்டியதில்லை. இயற்கையைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் விவிலியத்தின் பெயரால் அறியாமையாகப் பேசினால், அதைக் கேட்கும் பிற மறையினர் உயிர்ப்பைப் பற்றி அவர் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று தொடக்க நூல் விளக்கத்தில் புனித அகுஸ்தினார் கவலைப்பட்டது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்!

உடல் முன்னோரிடமிருந்து வந்தது என்றால் படைப்பு எங்கே என்று கேட்கலாம். தாயின் கருவறையில் என்னை நெய்தவர் நீரே என்ற பொருளில் திருப்பாடல் 139 இறைவனைப் போற்றுகிறது. கரு எப்படி உருவாகிறது என்பதை மருத்துவர்கள் நாள்வாரியாகச் சொல்கிறார்கள், திரையிலும் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தத் தாயும் அந்தத் திருப்பாடலைக் கிழித்துப் போட்டதில்லை. ஒரு குழந்தைக்கு ஒன்பது மாதம் எடுத்துக்கொள்ளும் இறைவன், மனித குலத்துக்குப் பல கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டார் என்பதில் அவருக்கு என்ன குறை?

எதிர்ப்பக்கத்தில் உள்ளவர்களும் அளவு மீறுகிறார்கள். "எழுத்தில் 99 பங்கு ஒன்றுதான், ஆகவே மனிதனும் ஒரு குரங்கே, வேறெதுவும் இல்லை" என்பார்கள். தேர்தல் சுவரொட்டியும் திருவிவிலியமும் அதே 247 தமிழ் எழுத்துகளால் அச்சிடப்பட்டவைதான். எழுத்துகளை எண்ணி முடித்தவர் நூலின் பொருளைச் சொல்லி முடித்துவிட்டார் என்று ஆகாது. மன்னிப்பதும், செபிப்பதும், பிறருக்காக உயிரைக் கொடுப்பதும் எங்கிருந்து வருகின்றன என்பது டி.என்.ஏ. ஆய்வு கேட்கிற கேள்வியே அல்ல.

உண்மையில் கடினமான கேள்வி வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. இன்றைய மனிதரின் மரபணுக்களில் உள்ள பல்வகைமையைப் பார்த்தால், அண்மைக்காலத்தில் வாழ்ந்த ஒரே ஓர் இணையரிடமிருந்து மட்டும் அது வந்திருக்க இயலாது; நம் முன்னோர் எப்போதும் ஆயிரக்கணக்கானோர் கொண்ட ஒரு கூட்டமாகவே இருந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அதே 'ஹுமானி ஜெனரிஸ்', மனித குலம் பல முதல் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற கருத்தைப் பிறப்புநிலைப் பாவம் பற்றிய போதனையோடு எப்படி இணைப்பது என்பது புலப்படவில்லை என்று எச்சரித்தது. 2004ஆம் ஆண்டின் இறையியல் குழு ஆவணமோ, ஆப்பிரிக்காவில் சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் பொது மரபுடைய ஒரு கூட்டத்தில் மனித இனம் தோன்றியது என்ற அறிவியல் முடிவை வலுவானதாகக் குறிப்பிடுகிறது. (இத்தகைய ஆவணத்துக்குச் சுற்றுமடலின் அதிகாரம் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.) தொடக்க நூல் 3ஆம் அதிகாரம் உருவக மொழியில் பேசுகிறது, ஆனால் வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாகவே நடந்த ஒரு வீழ்ச்சியைச் சொல்கிறது என்பது மறைக்கல்வி ஏட்டின் போதனை. ஒரு கூட்டத்தில் இறைவனை முதன்முதலில் அறிந்து அவருக்கு 'இல்லை' என்று சொன்னவர்கள் யார், அந்த 'இல்லை' எப்படி எல்லாரையும் தொட்டது என்பதை இறையியலார் இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பாவம் நம்மில் உண்டு என்பதற்குச் சான்று தேட ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. அது எப்படித் தொடங்கியது என்ற விளக்கத்துக்குத் திருச்சபை காத்திருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' என்று ஒரு செய்தி வந்தது. சில போதகர்கள் அறிவியல் ஏவாளைக் கண்டுபிடித்துவிட்டது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் இறங்குவது. இன்று வாழும் எல்லாருடைய தாய்வழியும் போய்ச் சேரும் ஒரு பெண் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார் என்பதே கண்டுபிடிப்பு. அவர் காலத்தில் வேறு பெண்களும் ஆண்களும் பலர் இருந்தார்கள். விவிலியத்தின் ஏவாளை அவரில் தேட வேண்டாம்.

இரண்டு மனிதரை, யாராக இருந்தாலும், பக்கத்தில் நிறுத்தி அவர்களுடைய எழுத்துகளை ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்துதான் மாறுபடும். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பகுதி ஒதுக்கி வைத்திருக்கும் பங்குகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. சிம்பன்சியோடு உறவு என்றதும் மனம் கூசுகிறவர்கள், பக்கத்துத் தெருக்காரரோடு உறவு என்றாலும் கூசுகிறார்கள். முன்னதைவிட இதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

கி.பி. 451இல் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம், ஆண்டவர் இயேசு இறைத்தன்மையில் தந்தையோடும், மனிதத்தன்மையில் நம்மோடும் ஒரே இயல்பு கொண்டவர் என்று அறிக்கையிட்டது; பாவம் தவிர மற்ற அனைத்திலும் நம்மைப் போன்றவர். அப்படியென்றால் அன்னை மரியாவிடமிருந்து அவர் பெற்ற உடலிலும் அந்த உடைந்த வைட்டமின் சி மரபணு இருந்திருக்க வேண்டும், இரண்டாம் குரோமோசோமின் பழைய தழும்பும் இருந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் பசித்தார், கிணற்றடியில் களைத்து அமர்ந்தார் என்று நற்செய்தி சொல்கிறதே! வாக்கு மனிதர் ஆனார் என்று நாம் அறிக்கையிடும்போது, அவர் எடுத்துக்கொண்ட அந்த உடல் ஆட்டோடும் ஆவுளியாவோடும் தேவாங்கோடும் உறவுடைய உடல்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படைப்பைப் பற்றி வகுப்பு எடுக்கும்போது தொடக்க நூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர் வருகிறார். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள் வருகின்றன. இரண்டையும் அருகருகே வைத்த நம் முன்னோருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர் யாராவது உங்கள் பங்கில் இருந்தால் அவரையும் அந்த ஞாயிறு வகுப்புக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.